இளிவரல் நகையான வரலாறு: ஃபிலிஸ் டில்லரின் மேடைத் தொடக்கம்

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்தவர் தொல்காப்பியர். அது பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினை அவர் சுட்டுகிறார். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பனவற்றை இளிவரலுக்கு உரியனவாக வைக்கிறார். மென்மை என்பதற்கு நல்குரவு எனப் பொருள் காண்பர் உரையாசிரியர். முதுமையும் நோயும் துயரும் வறுமையும் ஒருவரைத் தம் கண்ணிலும் பிறர் கண்ணிலும் தாழச் செய்வன. ஆதலின் அவை இளிவரலைத் தருவன. இலக்கணத்தில் நகையும் இளிவரலும் வெவ்வேறு நிரைகளில் நிற்கின்றன. வாழ்க்கையிலோ, இளிவரலுக்கு உரிய பொருளையே எடுத்து நகைக்கு உரியதாக மாற்றிக் காட்டும் கலைஞர் உளர். அத்தகையோருள் ஒருவர் அமெரிக்க நாட்டு மேடைக் கலைஞர் ஃபிலிஸ் டில்லர் (1917–2012).

ஐந்து பிள்ளைகளின் தாயாக, கடன் சூழ்ந்த குடும்பத்தின் தலைவியாக, முப்பத்தேழாம் வயதில் அவர் முதன்முதலாகத் தொழில்முறை மேடையில் ஏறினார். அம்மேடை பெண்களுக்கு உரியதன்று என்று பெரும்பாலோர் எண்ணிய காலம் அது. அவர் எவ்வாறு தொடங்கினார், எதனை முதலாக வைத்தார், அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பவற்றை வரலாற்று நோக்கில் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தனிநின்று நகைப்பிக்கும் கலை

'ஸ்டாண்ட்-அப் காமெடி' என வழங்கும் இக்கலைக்குத் திரை வேண்டுவதில்லை; காட்சி வேண்டுவதில்லை; துணை நடிகர் வேண்டுவதில்லை. ஒருவர் தனியே நின்று, எதிரே அமர்ந்திருப்போரை நேர்முகமாக நோக்கிப் பேசிச் சிரிக்க வைக்க வேண்டும். நாடகத்தில் ஒரு காட்சி சோர்ந்தால் அடுத்த காட்சி தாங்கிக்கொள்ளும்; பாடகர்க்கு இசை துணை நிற்கும். தனிநின்று பேசுபவர்க்குச் சொல்லொன்றே துணை. சிரிப்பு எழாவிடில் அத்தோல்வி அக்கணமே அரங்கில் உள்ளோர் அனைவர்க்கும் வெளிப்படும்.

இதன் வேர்கள் 'வாட்வில்' என்னும் பல்சுவை அரங்குகளில் உள்ளன. பாட்டு, ஆட்டம், கழைக்கூத்து, விலங்கு வித்தை ஆகியவற்றினிடையே தனிப் பேச்சாளர் சிலர் தோன்றி மக்களைச் சிரிக்க வைத்தனர். 1920களில் நியூயார்க் பேலஸ் அரங்கில் நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்கிய ஃபிராங்க் ஃபே, வேடமோ கருவியோ இன்றித் தாமாகவே நின்று பேசியவர். இக்கலையின் முன்னோடியாக அவரைப் பலர் கருதுவர். பேசும் படத்தின் வரவும் 1929இன் பொருளாதார வீழ்ச்சியும் பல்சுவை அரங்குகளை நலிவித்தன. 1932இல் பேலஸ் அரங்கமே திரைப்படக் கொட்டகையாயிற்று. நகைப்பிப்போர் இரவு விடுதிகளையும் வானொலியையும் நாடிச் சென்றனர்.

அரங்குகள் மறைந்தபோது அவற்றோடு மறைந்தது பயிற்சிக் களமும் ஆகும். ஊர் ஊராகச் சென்று ஒரே நிகழ்ச்சியைப் பலநூறு முறை நிகழ்த்திப் பழகும் வாய்ப்பு வாட்வில் கலைஞர்க்கு இருந்தது. பின்வந்தோர்க்கு அது கிட்டவில்லை. பிழை செய்து திருத்திக்கொள்ள எங்கே இடம் என்பதே புதியவர் ஒவ்வொருவரும் எதிர்கொண்ட வினாவாயிற்று. சான் பிரான்சிஸ்கோ நகரின் நார்த் பீச் பகுதியிலிருந்த சிறு விடுதிகள் 1950களில் அதற்கு விடையளித்தன. என்ரிகோ பாண்டுச்சி நடத்திய 'ஹங்க்ரி ஐ' விடுதியில் 1953 டிசம்பரில் மார்ட் சால் மேடையேறினார். கம்பளிச் சட்டையும் கையில் நாளிதழுமாக நின்று அன்றாட அரசியலை அவர் எள்ளிய முறை புதியது. அதன் அருகே 'பர்ப்பிள் ஆனியன்' என்னும் நிலவறை விடுதி இருந்தது. பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற மாயா ஏஞ்சலோ 1950களின் நடுப்பகுதியில் பாடகியாக நின்ற மேடை அது. அம்மேடையே டில்லரின் தொடக்கத்துக்கும் களமாயிற்று.

முன்னோடிப் பெண்டிர்

டில்லருக்கு முன் இத்துறையில் பெண்களே இல்லை என்று கூறுதல் பொருந்தாது. மாம்ஸ் மேப்ளி என்னும் கறுப்பினக் கலைஞர், கறுப்பின மக்களுக்கான அரங்குகளில் இளமை முதலே புகழ்பெற்றவர். பல்லிழந்த கிழவியாக, தொளதொளத்த வீட்டு உடையும் நைந்த தொப்பியும் அணிந்து அவர் தோன்றுவார். முதுமைக் கோலம் அவருக்குக் காப்பாக அமைந்தது. இளம்பெண் ஒருத்தி கூறினால் பொறுக்கப்படாத சொற்களை ஒரு பாட்டி கூறும்போது கேட்டோர் சிரித்து ஏற்றனர். வெள்ளையர் மிகுந்த அரங்குகள் அவருக்குத் திறக்க நெடுங்காலம் ஆயிற்று. நியூயார்க் கார்னகி மண்டபத்தில் அவர் தோன்றியது 1962இல்.

ஜீன் கேரல் இதற்கு நேர்மாறான நெறியைக் கொண்டவர். அழகிய மேலை உடையணிந்து, மதிப்பு மிக்க மாதராகவே நின்று, கணவன், பிள்ளை, கடைத்தெரு பற்றி நகையாடியவர். எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் பலமுறை தோன்றினார்.

ஆகவே, ஒரு பெண் தனிநின்று சிரிக்க வைக்க இரு வழிகள் காட்டப்பட்டிருந்தன. ஒன்று, கோலத்தை மாற்றித் தன் பெண்மையை மறைத்தல். மற்றொன்று, அழகை விடாது பேச்சால் வெல்லுதல். ஆயினும் இவ்விருவரும் இளமையிலேயே அரங்கத்துள் வளர்ந்தவர்கள். சமையலறையிலிருந்து நேரே மேடைக்கு வந்தவர் டில்லர். அவர்தம் தொடக்கத்தின் தனித்தன்மை இதுவே.

குடும்பமும் வறுமையும்

ஒஹையோ மாநிலத்து லைமா நகரில் 1917 ஜூலை 17இல், மூத்த வயதுப் பெற்றோரின் ஒரே மகவாக அவர் பிறந்தார். இசையில் பெருநாட்டம் கொண்டவர். சிகாகோவில் இசைக்கல்வி நிறுவனம் ஒன்றில் பியானோ பயின்றார். பின்னர் ஒஹையோவின் பிளஃப்டன் கல்லூரியில் சேர்ந்தார். 1939இல் ஷெர்வுட் டில்லரை மணந்ததும் கல்வி முற்றுப்பெறாமல் நின்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் குடும்பம் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. பிறந்த மக்கள் அறுவர். ஒரு குழந்தை பிறந்து சில நாளில் இறக்க, ஐவர் எஞ்சினர்.

கணவர் எந்தப் பணியிலும் நிலைத்திருக்கவில்லை. வீட்டுச் செலவின் சுமை மனைவியின் தோளில் விழுந்தது. அவர் நாளிதழில் எழுதினார். பல்பொருள் அங்காடிக்கு விளம்பர வாசகம் எழுதினார். ஓக்லாந்திலும் சான் பிரான்சிஸ்கோவிலும் வானொலி நிலையங்களில் விளம்பரப் பிரிவில் பணியாற்றினார். தாம் நின்று பேசும் நகைச்சுவையாளர் ஆனதற்குக் காரணம் தம் கணவர் எப்போதும் உட்கார்ந்தே இருந்ததுதான் என்று பின்னாளில் அவர் மேடையில் கூறிச் சிரிப்பதுண்டு. சொல் விளையாட்டாகத் தோன்றும் அக்கூற்றின் உள்ளே ஒரு குடும்பத்தின் உண்மை வரலாறு இருக்கிறது.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. மனைவியிடம் உள்ள நகைத்திறனை முதலில் கண்டவரும், மேடையேறுமாறு விடாது வற்புறுத்தியவரும் அக்கணவரே. பொதுச் சலவையகத்திலும் பள்ளிப் பெற்றோர் கூட்டங்களிலும் சக தாய்மாரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவர் டில்லர். அச்சிரிப்புக்கு ஊதியம் உண்டு என்று கணவர் நம்பினார். மனைவிக்கோ அச்சம். அவ்வச்சத்தைப் போக்க உதவியது கிளாட் பிரிஸ்டல் 1948இல் எழுதிய தன்னம்பிக்கை நூலொன்று. அதனைத் திரும்பத் திரும்பப் படித்தே துணிவு பெற்றதாக அவர் பலகாலும் குறிப்பிட்டிருக்கிறார்.

படைவீரர் மருத்துவமனையில் நோயுற்றோர் முன்னிலையிலும் மகளிர் கூட்டங்களிலும் கூலியின்றி நிகழ்ச்சி நடத்தி அவர் பழகினார். கட்டணம் கொடுத்து வந்தவர்கள் சினந்து எழுவர்; இலவசமாகக் கேட்பவர்களோ பொறுத்துக்கொள்வர். தவறுவதற்கு இடந்தரும் அவையே தொடக்கநிலையினர்க்கு ஏற்ற அவை என்பதை அவர்தம் பட்டறிவு காட்டுகிறது.

முதல் மேடை

1955 மார்ச் 7ஆம் நாள் பர்ப்பிள் ஆனியன் விடுதியில் டில்லரின் முதல் தொழில்முறை நிகழ்ச்சி நடைபெற்றது. ஒப்பந்தம் இரு வாரங்களுக்கே. நிகழ்ச்சியோ தொடர்ந்து 89 வாரங்கள் நீண்டது.

இவ்வெண்ணைக் கண்டு முதல் நாளே அவர் முழுமை பெற்ற கலைஞராக விளங்கினார் என்று கொள்ளுதல் பிழை. தொடக்கத்தில் அவருடைய நிகழ்ச்சி பாட்டும் பகடியும் கைப்பொருள்களும் கலந்த கதம்பமாக இருந்தது. எர்தா கிட் போன்ற புகழ்பெற்ற பாடகியரைப் போலி செய்து, பியானோவின் மீது சாய்ந்து கிடந்து பாடிக் காட்டுவார். நாளடைவில் எப்பொருளைக் காட்டும்போது அவை சிரிக்கிறது, எச்சொல்லில் சிரிக்கிறது என்பதை ஒவ்வோர் இரவும் கவனித்தார். பாட்டு குறைந்தது, பொருள்கள் ஒவ்வொன்றாக மேடையை விட்டு நீங்கின, தம் வீடு, தம் உடல், தம் சமையல், தம் கணவர் பற்றிய குறுஞ்சொற்கள் நின்றன. அவ்வாரங்களே அவர் பயின்ற பள்ளி எனலாம். வாட்வில் அழிந்தபோது இழந்த பயிற்சிக் களத்தை ஒரு நிலவறை அவருக்குத் திருப்பியளித்தது.

அவர் கையாண்ட வடிவம் மிகச் சுருங்கியது. ஒரு செய்தியைச் சில சொற்களில் முன்வைத்தல். கேட்போர் ஒரு முடிவை எதிர்நோக்கும் கணத்தில் மற்றொரு முடிவைத் தருதல். சிரிப்பு அடங்குமுன் அடுத்ததைத் தொடுத்தல். திருப்பத்தைத் தரும் சொல் இறுதியில் நிற்க வேண்டும். அதன்பின் ஒரு சொல் மிகினும் சிரிப்பு சிதையும். சொற்சுருக்கம் என்னும் இவ்வொழுக்கம் குறள் வெண்பாவைப் பயின்றோர்க்குப் புதியதன்று.

வெளியூர் மேடைகள் அவரை எளிதில் ஏற்றுவிடவில்லை. 1950களின் இறுதியில் வாஷிங்டன் நகர விடுதி ஒன்றில் அவர் நிகழ்ச்சி முற்றும் தோற்றது. அன்று அவையில் இருந்தவர் அந்நாளைய நகைச்சுவை அரசரான பாப் ஹோப். நாணத்தால் யாரும் அறியாமல் நழுவ முயன்ற டில்லரை அவர் தடுத்து நிறுத்தி, அவர் திறனைப் பாராட்டி ஊக்கினார். தோற்ற இரவில் கிடைத்த அப்பாராட்டு அவருக்குப் பெருந்துணையாயிற்று. பிற்காலத்தில் ஹோப்புடன் மூன்று திரைப்படங்களிலும் பல தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் அவர் நடித்தார்; 1966இல் வியத்நாமில் இருந்த படைவீரர்களை மகிழ்விக்க அவருடன் சென்றார்.

1958இல் குரூச்சோ மார்க்ஸ் நடத்திய தொலைக்காட்சிப் போட்டியில் போட்டியாளராகத் தோன்றியதும், ஜாக் பார் நடத்திய இரவு நிகழ்ச்சியில் பலமுறை இடம்பெற்றதும் நாடெங்கும் அவரை அறிமுகப்படுத்தின. 1960இல் நியூயார்க்கின் 'போன் ஸ்வா' விடுதியில் அவர் முதன்மைக் கலைஞராக விளங்கியபோது, அவருக்கு முன் பாட வந்த புதுமுகப் பெண் பார்பரா ஸ்ட்ரைசண்ட். ஐந்தாண்டுகளில் தொடக்கநிலையினர் என்னும் இடத்திலிருந்து தொடங்குவோர்க்கு மூத்தவர் என்னும் இடத்தை அவர் எய்தியிருந்தார்.

கோலமும் அதன் விலையும்

மின்சாரம் பாய்ந்தாற்போல் விரிந்து நிற்கும் தலைமயிர், உடல்வடிவம் தெரியாத பையுடை, கையுறை, குட்டைக் காலணி, கையில் நீண்ட சிகரெட் குழல் என்பன அவர்தம் கோலம். இவை யாவும் எண்ணி அமைக்கப்பட்டவை. அவர் புகைபிடித்ததே இல்லை. அக்குழல் மரத்தாலான மேடைப்பொருள். உடலமைப்பில் அவர் குறையுடையவரும் அல்லர். அழகிய உடல் தெரிந்தால் தம்மை அழகற்றவர் என்று கூறும் நகை எடுபடாது என்பதற்காகவே அதனைப் பையுடைக்குள் மறைத்தார். மேடையில் அவர் கூறும் கணவனுக்கு 'ஃபாங்' என்பது பெயர். கோரைப்பல் என்பது அதன் பொருள். மாமியாருக்கு 'மோபி டிக்' எனத் திமிங்கிலத்தின் பெயர். அனைத்தும் புனைவுப் பாத்திரங்களே என்பது அவர் வாதம்.

இங்கு ஒரு வினா எழுகிறது. ஆண் கலைஞர்கள் அரசையும் சமுதாயத்தையும் எள்ளிய அதே காலத்தில், ஒரு பெண் தன் முகத்தையும் உடலையும் எள்ளியே மேடையில் இடம்பெற நேர்ந்தது அவர் பெற்ற வெற்றியா, கொடுத்த விலையா? பின்வந்த பெண்ணியத் திறனாய்வாளருட் சிலர் இதனைத் தன்னிழிவு என்றனர். ஆண்கள் அஞ்சாமல் சிரிப்பதற்காகப் பெண் தன்னைத் தாழ்த்திக்கொண்டாள் என்பது அவர்கள் கருத்து. அதனைப் புறந்தள்ள இயலாது. 1970களின் தொடக்கத்தில் டில்லர் முக அறுவை செய்துகொண்டு அதனை வெளிப்படையாகப் பேசியதை நோக்கும்போது, மேடையில் கூறிய நகை அவர் உள்ளத்தையும் தீண்டாமல் இல்லை என்று கருத இடமுண்டு.

மறுபுறமும் காணத்தக்கது. போருக்குப் பிந்திய அமெரிக்க இதழ்களும் விளம்பரங்களும் மாசற்ற வீடு, மணக்கும் சமையல், ஒப்பனை குலையாத இல்லத்தரசி என்னும் படிமத்தை ஓயாது தீட்டிக்கொண்டிருந்தன. அத்தகைய விளம்பர வாசகங்களை எழுதும் பணியிலும் டில்லர் இருந்தவர். தம் கையால் தீட்டிய படிமத்தையே தம் நாவால் கிழித்தார். சமைக்கத் தெரியாத, இஸ்திரி போடாத, பிள்ளைகளைக் கண்டு சலிக்கின்ற தாய் ஒருத்தி மேடையில் நின்று அதனை ஒப்புக்கொண்டபோது, அவையில் இருந்த பெண்கள் தங்கள் வீட்டுக் கமுக்கம் வெளிப்பட்டதாக உணர்ந்து சிரித்தனர். அவர் எள்ளியது தம்மையே எனினும், அடி விழுந்தது அப்படிமத்தின் மீது.

நகையின் நிலைக்களன் தன்கண்ணும் பிறன்கண்ணும் அமையலாம் என்று உரையாசிரியர் பகுப்பர். டில்லரிடத்தில் இவ்விரண்டும் ஒன்றாயின. தன்னை எள்ளுதல் வாயிலாகத் தன்னை அளக்கும் அளவுகோலை எள்ளினார். மூப்பும் வருத்தமும் நல்குரவும் பிறர் சுட்டிக்காட்டும்போது இளிவரல் தருவன. உரியவரே முந்திக்கொண்டு கூறும்போது பிறர் கையில் இருந்த அம்பு பறிக்கப்படுகிறது.

அட்டைகளில் அடங்கிய உழைப்பு

டில்லரின் மேடைப் பேச்சைக் கேட்டோர் அது தானே பொங்கி வருவது என்று எண்ணியிருப்பர். உண்மையை உணர்த்துவது அவர் விட்டுச்சென்ற இரும்புப் பேழை. ஒவ்வொரு நகைத்துணுக்கையும் சிறு அட்டையில் தட்டச்சு செய்து, பொருள்வாரியாக அகரவரிசையில் அடுக்கி, 48 இழுப்பறைகள் கொண்ட பேழையில் அவர் காத்துவந்தார். அதுவும் போதாமல் பின்னர் மேலும் மூன்று இழுப்பறைகள் சேர்க்கப்பட்டன. 2003இல் இப்பேழை ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அளிக்கப்பட்டது. அட்டைகளின் எண்ணிக்கை 52,000க்கு மேல். 2017இல் தன்னார்வலர்கள் பலர் கூடி அவற்றைக் கணிப்பொறியில் படியெடுத்தனர்.

அவ்வட்டைகள் எல்லாம் டில்லரின் சொந்தப் படைப்புகள் அல்ல. பிறரிடம் விலைக்கு வாங்கியவையும் அவற்றுள் உண்டு. அவருக்குத் துணுக்குகள் எழுதி விற்றோருள் விஸ்கான்சின் மாநிலத்து இல்லத்தரசி ஒருவரும் இருந்தார். அவரும் பிள்ளைகள் பலரைப் பெற்ற தாய். நாளிதழ்களில் வந்த குடும்பக் கேலிச்சித்திரங்கள் வெட்டி ஒட்டப்பட்ட அட்டைகளும் உள. பல வீடுகளின் சமையலறைகளிலிருந்து வந்த சலிப்பும் சிரிப்பும் ஓரிடத்தில் தொகுக்கப்பட்டன. பெயரறியாப் புலவர் பலரின் பாடல்களைத் தொகையாக்கிக் காத்த மரபை அறிந்தோர்க்கு, இப்பேழையும் ஒரு தொகைநூலாகத் தோன்றுதல் இயல்பே.

கருவூலம் போன்ற இவ்வடுக்கு, மேடையில் தோன்றிய ஒழுங்கற்ற இல்லத்தரசிக்கு முற்றும் முரணானது. தாம் ஏதும் ஒழுங்காகச் செய்யத் தெரியாதவர் என்று நாள்தோறும் கூறிச் சிரிக்க வைத்தவர், அக்கூற்றுகளைப் பிழையற்ற ஒழுங்கில் அடுக்கி வைத்திருந்தார்.

முடிவுரை

2002இல் லாஸ் வேகாஸ் நகரில் இறுதி நிகழ்ச்சியை நடத்தி டில்லர் மேடையினின்று ஓய்வு பெற்றார். 2012 ஆகஸ்டு 20இல் தம் 95ஆம் வயதில் மறைந்தார். முப்பத்தேழு வயதில் தொடங்கியவர்க்கு அத்தொழில் நாற்பத்தேழு ஆண்டுகள் நீடித்தது.

தனிநின்று நகைப்பிக்கும் கலையில் தொடங்குவோர்க்கு அவர் வரலாறு சில உண்மைகளை உணர்த்துகின்றது. தொடங்குதற்கு வயது தடையன்று. வாழ்ந்த வாழ்வே முதலாகும். சிறிய மேடையும் பொறுக்கும் அவையும் இன்றித் திறன் முதிர்வதில்லை. எளிதாகத் தோன்றும் சிரிப்பின் பின்னே எழுதியும் திருத்தியும் அடுக்கியும் காத்த உழைப்பு நிற்கிறது.

அவர் கொடுத்த விலையையும் உடன் எண்ண வேண்டும். ஒரு பெண் சிரிக்க வைப்பதற்கு முதலில் தன்னை அழகற்றவளாக்கிக்கொள்ள வேண்டியிருந்த காலம் அது. பின்வந்த மகளிர் பலர் அப்பையுடை இல்லாமலே மேடையில் நிற்க முடிந்ததற்கு, முன்பு ஒருவர் அதனை அணிந்து நின்றதும் ஒரு காரணம். இளிவரலை நகையாக மாற்றியவர் அவர். அந்நகையுள் இளிவரலின் சுவடு ஒரு சிறிது எஞ்சியிருப்பதைக் கேட்கும் செவியே அவர் கலையை முழுமையாகக் கேட்ட செவியாகும்.